மூணாவது பிரெட்டு

வாரம் முழுக்க மின்வாரிய ரீடிங்.
சனிக்கிழமை ராத்திரி மட்டும் பேஸ் கிடார்.
வள்ளியூரில் ரிசப்ஷன், களக்காட்டுப் பக்கம் கொடை,
அறுநூறு ரூபாய், ஒரு பொட்டலம் பிரியாணி.
"கொஞ்சம் தள்ளி நில்லும்வே,
வீடியோவுல பொண்ணு மறையுது."

முதல் கிடாரைச் சாயர்புரத்து கிப்ட்சனிடம் தள்ளி
மேலே மூவாயிரம் வைத்து
ஐந்து கம்பிக் கறுப்பு வாங்கினேன்.
அதைக் கொடுத்து ஒரு ஆம்ப்.
ஆம்பைக் கொடுத்து, சொன்னால் சிரிப்பீர்கள்,
கழுத்து வளைந்த இன்னொன்று.
"அடுத்து என்னையும் மாத்திருவியளோ?"
என்றாள் எப்சிபா.

நேற்று பாளை பஸ் ஸ்டாண்டில்
ஒரு பையன் உறையைத் திறந்தான்.
நாசரேத் மேடையில் நான் தடுக்கி விழுந்தபோது
சில்லு பெயர்ந்த அதே மூலை.
பின்பக்கம் ஆணியால் யாரோ கீறிய பெயர்: ஜாஸ்பர்.
நான் யாரென்று சொல்லவில்லை.
விலை கேட்டேன்.

"தடிச்ச கம்பி மூணாவது பிரெட்டுல
கரகரக்கும் அண்ணாச்சி,
அமுக்கிப் பிடிக்கணும்."
எனக்கே.

கேட்டதற்கு மேல் இருநூறு கொடுத்துவிட்டேன்.

வீட்டில், புதுசு என்றேன்.
எப்சிபா அந்த மூலையைத்
தடவிப் பார்த்தாள்.
"சோறு வைக்கவா?"