மீட்டர் பெட்டிக்குப் பக்கத்தில்

இரண்டு இனம் என்றுதான்
மின்சார பில்லின் பின்னால் குறித்திருந்தேன்.
ஒன்றுக்கு முதுகு நடுவே ஒற்றைக் கருங்கோடு.
மற்றது இருபுறமும் கரைவைத்த
சாம்பல் சேலை.

பீடோர் தாமான். ஆலைப்புகை படிந்த சுவர்.
இரவு ஷிஃப்ட் முடிந்து
பூட்ஸைக்கூடக் கழற்றாமல் டார்ச்சோடு நிற்கிறேன்.
"திருடன்னு நெனச்சிட்டேன்லா" என்கிறாள்
வேலிக்கு அப்பால் குணவதி.

வலை கட்டாத சாதி.
ஒரு நூலைச் சுவரில் ஒட்டிவிட்டு
கொசுவின் மேல் பாயும்.

இன்று
ஒற்றைக்கோடு முன்னங்கால் தூக்கி
இப்படி ஓரடி, அப்படி ஓரடி,
நடுங்கி நடுங்கி ஆடியது.
கரைச்சேலை மெல்லத் திரும்பினாள்,
இருந்த எட்டுக் கண்ணோடும்.

அட.

'இரண்டை' அடித்து 'ஒன்று' என்று
திருத்துவதற்குள் அவள் பாய்ந்துவிட்டாள்.
மீட்டர் பெட்டி இடுக்கில்
மாப்பிள்ளையின் கால்கள்
நான்கு மட்டும் தெரிந்தன.