மைலுக்கு ஓர் அடி

எங்கள் தண்ணீர் அவ்வளவுதான் இறங்கும்.
அதற்குள் எத்தனை மதகு, எத்தனை மனு.
ஓரங்குலம் தளத்தை உயர்த்திவிட்டேன் என்று
கடைமடைக்காரர்கள் கடப்பாரையோடு வந்த இரவில்
லெவல் கருவியை நட்டு
டார்ச் வெளிச்சத்தில் அளந்து காட்டினேன்:
அரை அங்குலம்தான் ஐயா, அரை.

அந்தக் கண்ணை வைத்துக்கொண்டு
நேபாளத்து வரைபடத்தைப் பார்க்கிறேன்.
சமவுயரக் கோடுகள்
ஈரத்தலையில் சீப்பு இழுத்த மாதிரி நெருங்கிக் கிடக்கின்றன.
எங்கள் தாலுகா படத்தில்
ஒரு கோட்டைப் பார்த்துவிட்டு அடுத்ததைப் பார்க்க
பஸ் ஏற வேண்டும்.

மேடு என்றால் இங்கே
வெள்ளத்தில் மாடுகள் ஏறி நிற்கும் இடம்.
ஜன்னத்தின் ஊருக்கு ராஜகிரி என்று பெயர். கிரி கிடையாது.
பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறாள்,
முதல் கியர் போட்டு ஏறிய ஒரே ஏற்றம்
ரயில்வே மேம்பாலம்.
செலினுக்கு மருந்துக்கடை.
மூச்சு முட்டினால் எந்த மாத்திரை, எத்தனை வேளை என்று
எங்களிடமே குரலைத் தாழ்த்திச் சொல்கிறாள்,
கவுண்டருக்கு அந்தப் பக்கம் நிற்கிறவர்களிடம் போல.

தேதிதான் அகப்படவில்லை.
ஐப்பசியில் அங்கே வானம்
துடைத்து வைத்த மாதிரி இருக்குமாம்.
ஐப்பசியில் நான் அரசலாற்றுக் கரையில்
மணல் மூட்டைகளை எண்ணிக்கொண்டிருப்பேன்.
வைகாசியில் தூர் வார வேண்டும். ஆனியில் தண்ணீர்.
மேட்டூரை மூடிய பின், டெண்டர் திறக்கும் முன்,
நோன்பு கழிந்து, ஈஸ்டர் கழிந்து,
பிள்ளைகளுக்கு முழுப்பரீட்சையும் முடிந்து
மிஞ்சியது சித்திரையில் பதினெட்டு நாள்.
விடுப்பு மனுவில் காரணம்: சொந்த வேலை.

அவர்கள் இருவருக்கும் மேம்பாலம்,
விடியுமுன், லாரிகள் ஒதுங்கிப் போக.
எனக்குச் சுவாமிமலை.
அதுவும் மனிதர் கட்டிய மலைதான்.
அறுபது படி, படிக்கொரு வருடம்.
முதுகில் பத்து கிலோ பொன்னி அரிசியோடு
பிரபவவில் தொடங்கி
அட்சயவில் மூச்சு வாங்கி, இறங்கி
மறுபடி பிரபவ.
பத்து நடை. அறுநூறு வருடம்.
ஒவ்வொரு முறையும் துந்துபியில்
இடது முட்டி சத்தம் போடுகிறது.
"என்ன வேண்டுதலம்மா?" என்றார்
செருப்புக்கு டோக்கன் கொடுப்பவர்.
"கால் வலிக்கக் கூடாதுன்னு."

நேற்று ஜன்னத் வீட்டில் மூட்டையைப் பிரித்து
காய்கறித் தராசில் ஒவ்வொன்றாக நிறுத்தோம்.
புளிக்காய்ச்சல் நானூறு கிராம். இருக்கட்டும்.
செலினின் இரண்டாவது ஸ்வெட்டர். இருக்கட்டும்,
மூவரில் யாருக்குக் குளிர் தெரியும்,
மார்கழிப் பனியையும்
ஊசிமருந்து வைக்கும் பெட்டியையும் விட்டால்?
பிறகு என் ரசமட்டம்.
சாண் நீளம், இருநூற்று முப்பது கிராம்.
"இது எதுக்குடி? மலை மட்டமா இருக்கான்னு பாக்கவா?"
ஜன்னத் அதை வெளியே வைத்தாள்.

எனக்குச் சொல்ல வரவில்லை.
ஐயாயிரம் மீட்டருக்கு மேலே,
பாதிக் காற்றே கிடைக்கும் கணவாயில்
கல் கல்லாக அதை வைத்துப் பார்க்க வேண்டும்.
குமிழி நடுவுக்கு வந்து
நகராமல் நிற்கிற கல்லில் உட்கார்ந்து
புளிச்சோறு தின்ன வேண்டும்.

அவர்கள் டீ போடப் போனபோது
ஒரு ஜோடி சாக்ஸை உருவிவிட்டு
அதை உள்ளே செருகினேன்.
இன்னும் நூற்றைம்பது கிராம் இடித்தது.
செலினின் ஸ்வெட்டரைப் பார்த்தேன்.