தலையும் வாலும் இல்லாத கோடு

வில்னியஸில் நாங்கள் இருக்கும் பகுதிக்கு
சவுலேதேகிஸ் என்று பெயர். சூரிய உதயம்.
டிசம்பரில் எட்டரை மணிக்கு மேல்தான்
பெயரைக் காப்பாற்றிக்கொள்கிறது.
அடித்தளத்தில் வேலை செய்கிறவர்களுக்கு
அந்தச் செய்தியும் வந்து சேராது.

ஆறு மில்லிமீட்டர் வட்டம்.
கண்ணாடியின் மேல்தோலைக் கீறாமல்
வயிற்றுக்குள் எழுதுகிறேன், லேசரால்.
ஒரு நொடியை லட்சம் கோடியாய் உடைத்து
அந்தத் துணுக்கிலும் கால்வாசி,
அவ்வளவுதான் ஒரு துடிப்பின் ஆயுள்.
அது விழுந்த இடத்தில் நுண்வரிகள் படிகின்றன,
ஈரத் தலையைச் சீப்பால் வாரியதுபோல்.

வட்டத்தை ஒருமுறை முழுதாய்ச் சுற்றி வருவதற்குள்
வரிகள் அரைச் சுற்று திரும்பவேண்டும்.
சூத்திரம் இவ்வளவே.
வைதோதாஸ் இதை மனைவிக்கு விளக்கப்போய்
"அப்போ பாதி வேலைதானே, ஏன் இவ்வளவு நேரம்?"
என்று வாங்கிக் கட்டிக்கொண்டு வந்தான்.

நாற்பத்தோரு தட்டுகள்.
நாற்பத்தொன்றிலும் ஒரே தழும்பு,
கடிகாரத்தில் மூன்று நிற்கும் இடத்தில்.
டிராலிபஸ்ஸின் அதிர்வைக் குறை சொன்னோம்.
வெந்நீர்க் குழாயை. மலிவு மோட்டாரை.
ஒரு வியாழக்கிழமை, ஒருவரை ஒருவர்.

நடுராத்திரி நிரலைத் திறந்து படித்தேன்.
ஒவ்வொரு சுற்றும் முடிந்ததும்
மோட்டாரை நூற்றெண்பதிலிருந்து
பூஜ்யத்துக்குப் பின்னால் ஓட்டுகிற ஒரு கட்டளை.
நான் எழுதியதுதான். ஒழுங்குக்காக.
அந்த நாலு நொடியில் கண்ணாடி ஆறிவிடுகிறது.

அசடே,
கோட்டுக்கு ஏது தலை, ஏது வால்?
அரைச் சுற்று திரும்பிய கோடு
அதே கோடு.
வந்து சேர்ந்துவிட்டதைப் பிடித்து
எங்கே திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தேன்?

அழித்தேன்.

நாற்பத்திரண்டாவது தட்டில் பச்சை ஒளியை விட்டோம்.
உள்ளே போகும்போது மேலும் கீழுமாக
ஒரே தாளத்தில் அசைந்தது.
வெளியே வரும்போது
விரித்த குடையின் கம்பிகள்போல்
ஒவ்வொரு புள்ளியும் மையத்தை விட்டு
தன் தன் திசையில் அதிர்ந்தது.
தளவிளைவு சோதிக்கும் தகடு பூட்டிய அறையில் இருந்தது;
சாவிக்காரர் உறக்கத்தில்.
வைதோதாஸ் பையைத் துழாவி
மீன்பிடிக்கப் போட்டுக்கொள்ளும் கறுப்புக் கண்ணாடியை எடுத்து
ஒரு வில்லையைப் பிதுக்கினான்.
கதிரின் குறுக்கே பிடித்ததும் சுவரில் ஓர் உடுக்கை.
வில்லையைத் திருப்பத் திருப்ப அதுவும் திரும்பியது,
மூன்றைக் கடந்து, தடங்காமல்.

நடுவில் மட்டும் ஊசிமுனைக் கறுப்பு.
அழுக்கென்று இரண்டு முறை துடைத்தோம்.
அழுக்கில்லை.
எல்லாத் திசையும் ஒரே நேரத்தில்
வா வா என்று இழுக்கிற அந்த இடத்தில்
ஒளி எந்தப் பக்கமும் சாய மாட்டேனென்று
இல்லாமல் இருந்துகொள்கிறது.

வில்லை திரும்ப அதன் சட்டத்தில் உட்காரவில்லை.
ஞாயிறன்று ஏரியிலிருந்து படம் அனுப்பினான்:
உறைபனிமேல் மடக்கு நாற்காலி,
ஒற்றை வில்லையோடு அவன்.
ஒரு கண்ணில் வெறும் பளபளப்பாம்.
மற்றதில்,
துளைக்குள் தண்ணீர்,
தண்ணீருக்குள் ஏதோ அசைகிறதாம்.