கோலி உருளும் அறை

பதிவேட்டில் நான் எழுதும் பெயர் என்னுடையதல்ல.
திருமதி கிரேவ்ஸ், லெஸ்டர், ஓர் இரவு.
சாவி வாங்கி மாடியேறிக் கதவைச் சாத்தியதும்
கைப்பையிலிருந்து கோலிக்குண்டை எடுப்பேன்.
பச்சைக் கண்ணாடி, உள்ளே வெள்ளைச் சுருள்.
தரையில் வைத்துவிட்டு
கோட்டைக்கூடக் கழற்றாமல் காத்திருப்பேன்.

லட்லோவுக்கு வெளியே, நெடுஞ்சாலையோரம்,
வைத்த இடத்திலேயே நின்றது.
குளியல் துண்டுகளை அன்னப்பறவையாய் மடித்திருந்தார்கள்.
சுவரில் மான்தலை, பஞ்சில் செய்தது.
சன்னல் ஐந்து அங்குலத்துக்கு மேல் திறக்காது,
பாதுகாப்புக்காம்.
ஐந்து அங்குலத்தில் எவ்வளவு மலை நுழையும்?

அடுத்த ஊரில் எல்லாமே பழையது,
பழையதாகவே விலைக்கு வாங்கியது.
கலப்பை, லாடம், பால்குடம்,
அத்தனையும் ஆணியில்.
முதலாளி ஃபெர்கஸ் டன்காம்ப்
சூப் ஆறும்வரை பேய்க்கதை சொன்னார்.
பேய் செத்த வருடம் நடுவில் ஒருமுறை மாறியது.
கோலி கொஞ்சம் யோசித்தது,
நகரவில்லை.
காலைச் சாப்பாடு நன்றாகவே இருந்தது. அதையும் குறித்தேன்.

பன்னிரண்டு வருடமாக இதுதான் பிழைப்பு.
ஒரு விடுதிக்கு நாற்பது சொல்,
அதற்குமேல் கையேட்டில் இடமில்லை.
கட்டிலுக்கு ஐந்து, வெந்நீருக்கு நான்கு,
மலை இலவசம் என்பதால்
அதற்கு மூன்று.
"குணமுள்ள இடமாகப் பார்" என்பார் பதிப்பாளர்.
குணத்துக்கும் குணக்குக்கும் அதிகத் தூரமில்லை,
நிமிர்த்தி வைத்த நாய்வாலை
யார் கொஞ்சுவார்கள்?

குருட்டுக் குதிரைக்கு மழையோடு போய்ச் சேர்ந்தேன்.
பலகையில் குதிரையும் இல்லை, கண்ணும் இல்லை,
வண்ணம் உரிந்து ஒரு வால் மட்டும் மிச்சம்.
கதவைத் திறந்த டெலித் கிட்டின்ஸ்
முழங்கை வரை ஈரம்.
கொட்டிலில் ஓர் ஆடு இரட்டைக்குட்டி ஈன்றுகொண்டிருந்ததாம்.
"நீங்க கேட்ட ரூம் ஒழுகுது" என்றாள்.
"ஒழுகாத ரூமும் இருக்கு.
அங்கேருந்து ஆறு தெரியாது.
எது வேணும்?"

இத்தனை வருடத்தில் யாரும் என்னை
இப்படிக் கேட்டதில்லை.

வாளியை அவளே தூக்கிவந்தாள்.
கோலியை நான் வைக்கவில்லை,
விரல் விடுமுன்பே கிளம்பிவிட்டது.
கட்டிலடியில் புகுந்து,
அலமாரிக் காலுக்கு முட்டுக்கொடுத்த
பழைய தேவாலயப் பாட்டுப்புத்தகத்தைச் சுற்றி,
சுவரில் மோதி, மனம் மாறி,
சன்னல் மூலைக்கு.
முட்டிபோட்டுப் பின்னால் போனேன்.

மூலையில் அது தனியாக இல்லை.
சட்டைப் பொத்தான், ஒற்றைத் தோடு,
பொம்மை வண்டியின் சக்கரம்,
ராணி முகம் தேய்ந்த இரண்டு செப்புக்காசு,
யாரோ விழுங்க மறந்த மாத்திரை,
இன்னொரு கோலி.
இந்த அறையில் கைதவறிய எல்லாம்
கடைசியில் இங்கேதான் வருகிறது போலும்.
பெருக்குவதில்லையா என்று மறுநாள் கேட்டேன்.
"தேடிக்கிட்டு யாராவது வந்தா?" என்றாள்.

முட்டிபோட்ட உயரத்தில் சன்னல்.
நின்றிருந்தால் வானமும் புகைபோக்கியும்தான்.
குனிந்தவளுக்கு ஆறு இருந்தது,
மழையில் பருத்து, ஆல்டர் மரங்களுக்கிடையே
காவி நிறத்தில்.
வாளியில் சொட்டு விழும் சத்தம்
விடியும்வரை எண்ணிக்கொண்டிருந்தது.
நான் எண்ணவில்லை.

காலையில் எழுதினேன்:
கூரை ஒழுகும். வாளி தருவார்கள்.
தரை சாயும், எது விழுந்தாலும் அதன் பின்னால் போங்கள்.
பத்துச் சொல்லிலேயே முடிந்துவிட்டது.
மீதி முப்பதை என்ன செய்வதென்று தெரியாமல்
முட்டை ஆறிப்போனது.

(பதிப்பாளர் பிறகு ஒழுகலை நீக்கிவிட்டு
வெந்நீரைச் சேர்த்தார்.)

அன்று மாலை, எல்லை தாண்டி, வேல்ஸ் பக்கம்,
புது விடுதி. புதுக் கம்பளம்.
திருமதி கிரேவ்ஸ், லெஸ்டர், ஓர் இரவு.
கதவைச் சாத்திப் பைக்குள் கைவிட்டேன்.
வந்தது நீலம்.

அவசரத்தில் மற்றதை எடுத்திருக்கிறேன்.
தரையில் வைத்தேன். நின்றது.
என்னுடையது எங்கே இருக்கிறதென்று
எனக்குத் தெரியும்.