பதினோரு குழாய்கள்

கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம்
முப்பத்துமூன்று கிலோமீட்டர் இறக்கம்.
பக்கத்து சீட்டில்
பெல்ட் போட்டு உட்கார்ந்திருக்கிறது ஐஸ் பெட்டி.
பதினாறு வருடமாக ஆஸ்பத்திரி ஜீப் ஓட்டுகிறேன்,
சொன்னவுடன் பெல்ட் போட்ட முதல் பயணி.

உள்ளே பதினோரு குழாய்கள்,
பதினோரு தொண்டைகளில் ஒற்றியெடுத்த பஞ்சு.
லேப் ஸ்டெல்லா ரோஸி ஒட்டிய சீட்டில்
பெயர் கிடையாது, எண் மட்டும்.
ஏற்றி வந்தவன் நான்,
எந்த இருமல் எந்த எண் என்று தெரியும்.
நாலு, லைன்வீட்டு யோகராணி. ஏழு மாதம்.
ஆறு, கட்டபெட்டு பெள்ளிராஜ். அறுபத்தெட்டு வயது,
எஸ்டேட் கேட்டில் இரவுக்காவல்.
ஒன்பது, சந்தையில் பன்றிக்கறி விற்கும் வில்பிரட்.
'கறியால் இந்தக் காய்ச்சல் வராது' என்று
போர்டு எழுதி வைத்திருந்தார்.
போர்டைப் படிக்கவும் யாரும் கிட்டே வரவில்லை.

ஆடி மாதம் மஞ்சு இறங்கினால்
மலை முழுக்க இருமும்.
பெயர் கேட்டதில்லை அதற்கு.
மிளகு, கம்பளி, மூன்று நாள் சம்பளம் போயிற்று, அவ்வளவுதான்.
இந்த வருடத்துக்காரனுக்குப்
பெயர் இருக்கிறது, படிவம் இருக்கிறது, தனி வார்டு.
காய்ச்சல் அதே காய்ச்சல்.
மூட்டுக்குள் ஆணி அடிக்கிற அதே வலி.
பார்த்துச் சொல்ல முடியாது என்கிறார் டாக்டர் பூர்ணலதா.
எனக்குப் புரிந்தது இப்படித்தான்:
உள்ளூர் லாரியின் ஹாரன் இந்த வளைவுகளுக்குத் தெரியும்,
சத்தம் வரும்போதே ஒதுங்கி நிற்கும் உடம்பு.
இது சீசனுக்கு வந்த கார்.
மேலே ஏறுகிறவனுக்கு வழி விடவேண்டும் என்று
அதற்கு யாரும் சொல்லவில்லை.
இள ரத்தத்தைத்தான் அதிகம் இடிக்கிறதாம்.
வயசாளிகள் எப்போதோ
இதன் ஜாடையில் ஒன்றைப் பார்த்திருப்பார்களாம்.

அரவேனு தாண்டும்போது
தொண்டையில் ஏதோ உரசியது.
டீசல் புகை என்று நினைத்துக்கொண்டேன்.

குஞ்சப்பனை செக்போஸ்டில் மாரண்ணன்
பெட்டியைப் பார்த்துக் கேட்டார்:
"உள்ளே பன்னி இருக்கா, ஓட்டுநரே?"
சிரித்தேன். சிரிப்பு இருமலாக முடிந்தது.
முகமூடி தாடையில் தொங்கிக்கொண்டிருந்தது.
காதில் செருகிய பேனாவை எடுத்துக் கொடுத்தார்.
கையெழுத்துப் போட்டுத் திருப்பித் தந்தேன்.
மறுபடி காதில் செருகிக்கொண்டார்.

மேட்டுப்பாளையம் கொதித்தது.
பெட்டியை வாங்கியவர் கையுறை போட்டிருந்தார்.
'கொண்டுவந்தவர் உடல்நிலை' என்று ஒரு கட்டம்.
நலம் என்று எழுதினேன்.
திரும்பும் வழியெல்லாம்
காலி சீட்டின் பெல்ட் கதவில் மோதிக்கொண்டே வந்தது.

ஐந்தாம் நாள் சென்னையிலிருந்து போன்.
மூன்று பேருக்கு அது. எட்டுப் பேருக்கு இல்லை.
யோகராணிக்கு இருந்தது.
முடிவுக்குக் காத்திராமல் முதல் ராத்திரியே
மாத்திரை தொடங்கியிருந்தார் டாக்டர்.
போன் வந்தபோது அவள்
ரொட்டி பத்தவில்லை என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தாள்.
வில்பிரட்டுக்கு இல்லை.
நற்சான்றிதழ் கேட்டார், கடையில் மாட்ட.

பெள்ளிராஜுக்கும் இல்லை.
வெறும் ஃப்ளூ, என்றார்கள்.
மகன் வராந்தாவில் கைகூப்பினான்.
தனி வார்டிலிருந்து பொது வார்டுக்கு மாற்றினோம்,
திரையை விலக்கினோம்,
எல்லோரும் முகமூடியைக் கழற்றினோம்.
ஞாயிற்றுக்கிழமை விடியலில்
அதே ஜீப்பில் அவரைக் கட்டபெட்டுக்குக் கொண்டுபோனேன்.
சைரன் போடவில்லை.
ரிஜிஸ்தரில் மூச்சுத்திணறல் என்றிருந்தது.
தினமும் ஊட்டிக்குப் போகும் கணக்கில்
அன்றைய சாவு: பூஜ்யம்.

என் இருமல் எட்டு நாளில் போயிற்று.
லாரியா காரா, தெரியாது.
பன்னிரண்டாவது குழாய் ஒன்று
லேப் அலமாரியில் காலியாகவே இருக்கிறது.

குஞ்சப்பனையில் இப்போது
வேறொருவர் கம்பைத் தூக்குகிறார்.
பேனா மேஜைமேல், நூலில் கட்டிக் கிடக்கிறது.
தினமும் கையெழுத்துப் போடுகிறேன்.
மாரண்ணன் எங்கே என்று
இன்னும் கேட்கவில்லை.