நட்சத்திரம் போட்ட கட்டம்

அறையைச் சுற்றிக் காட்டு என்றது.
லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு சுற்றினேன்.
உரக்கடைக் காலண்டர், கேஸ் சிலிண்டர்,
கொடியில் என் துப்பட்டா, அம்மாவின் உள்பாவாடை.
அதையாவது எடுத்திருக்கலாம்.
ஏதோ ஒரு சர்வரில்
முப்பது நாள் பத்திரமாக இருக்கும் இனி.

இரவு ஒன்று ஐம்பது.
காவேரிப்பட்டணம் தூங்குகிறது, பைபாஸ் லாரிகள் தவிர.
ஜன்னல் கம்பியில் கட்டிவைத்த போன்
இரண்டு கோடு சிக்னல் பிடித்துத் தருகிறது.
இந்த வேலையை எங்கிருந்தும் செய்யலாமாம்.
அந்த எங்கிருந்தும் என்ற சொல்லுக்குள்
எங்கள் தெரு வருமா என்று
பன்னிரண்டாவது தடவையாகப் பார்க்கிறேன்.

தொடங்கிய மூன்றாம் நிமிடம் சிவப்புப் பட்டை:
அறையில் இன்னொருவர் இருக்கிறார்.
திரும்பிப் பார்த்தேன்.
திரும்பியதற்கு இரண்டாவது எச்சரிக்கை.
பீரோக் கண்ணாடியில் நான்.
எழுந்து போய் அவள்மேல் போர்வையைப் போட்டேன்.
எழுந்ததற்கு மூன்றாவது.
நாலாவது வந்தால் கதவைச் சாத்திவிடும்.

அப்புறம் எக்ஸ்ரே மெஷின் முன்னால்
மூச்சை இழுத்துப் பிடித்தவள் மாதிரி உட்கார்ந்தேன்.
கறுப்பு முக்கோணம் இடப்பக்கம் சாய்ந்தால் அடுத்து எது?
இருபது நொடி.
தனியாக வேலை செய்யப் பிடிக்குமா?
மிகவும் பிடிக்கும்.
ஆறு கேள்வி தள்ளி
வேறு சட்டை மாட்டிக்கொண்டு அதே கேள்வி வந்தது.
யாரென்று தெரிந்தும்
தெரியாதவள்போல் பதில் சொன்னேன்.

மேலதிகாரியோடு முரண்பட்ட ஒரு தருணத்தைச் சொல்லவும்.
தொண்ணூறு நொடி.
எதிரே ஆளில்லை. ஒரு பச்சைப் புள்ளி.
மாம்பழக்கூழ் ஃபேக்டரி எடைமேடையில்
இரண்டு சீசன் பில் போட்டவள் நான், என்றேன் புள்ளியிடம்.
டன்னுக்கு ஐம்பது கிலோ கழிவு வழக்கம்.
எண்பது பிடி என்றார் மேனேஜர்.
பெங்களூரா நல்ல காய் சார், அடிபடாத காய்,
மாட்டேன் என்றேன்.
கேட்டுக்கு வெளியே டிராக்டர்கள் வரிசையாய் நின்றன.
அப்புறம், என்று வாயெடுத்தபோது
நேரம் முடிந்தது.
அந்த அப்புறம்தான் கதையே.

இரண்டரைக்கு மும்முனைக் கரண்ட் விட்டார்கள்.
தோப்புகளில் மோட்டார்கள் ஒன்றாய் எழுந்தன.
ஃபேன் தள்ளாடியது.
பேட்டரி செத்து ஒயரில் உயிரை வைத்திருக்கும் லேப்டாப்
ஒருமுறை கண்சிமிட்டிவிட்டுப் பிழைத்துக்கொண்டது.
சமர்ப்பி, அழுத்தினேன்.

நாலே நிமிடத்தில் பதில்.
மிகுந்த கவனத்துடன் பரிசீலித்தார்களாம்.
எங்கள் அடுப்பில் பால் பொங்கவே ஆறு ஆகும்.
அன்புள்ள திம்மராயன், என்று ஆரம்பித்திருந்தது.

விண்ணப்பத்தில் குடும்பப் பெயருக்கு ஒரு கட்டம்,
நட்சத்திரம் போட்டது, காலியாக விட்டால் நகராது.
லோகேஸ்வரிக்கு முன்னால் எனக்கிருப்பது
ஒரு தி, ஒரு புள்ளி.
புள்ளியை அது ஒத்துக்கொள்ளவில்லை.
அப்பாவை முழுசாக விரித்துப் போட்டேன்.
அன்றிலிருந்து அவருக்குத்தான் வருகிறது எல்லாம்:
போலந்திலிருந்து, டொரண்டோவிலிருந்து,
எந்த ஊர் என்றே சொல்லாத ஒன்றிடமிருந்து.
ஆயுசில் ஒரு விண்ணப்பம் போட்டதில்லை அவர்.
கூழ் டின் லோடு ஏற்றிவிட்டு வந்து
கூடத்தில் குறட்டை விடுகிறார்,
பன்னிரண்டு கம்பெனி வேண்டாம் என்ற மனிதர்.

விடிந்ததும் தலைவார வந்தார்.
போர்வையை இழுத்துக் கட்டிலில் போட்டார்.
ராத்திரி யாரோடம்மா பேசிக்கிட்டிருந்தே?
சீசன் முடிந்தது, நின்றுவிட்டேன்
என்றுதான் அவரிடம் சொல்லியிருந்தேன்.
எண்பது பிடிக்கச் சொன்னாங்கப்பா, என்றேன்,
நான் மாட்டேன்னேன்.

சீப்பு பாதித் தலையில் நின்றது.
அப்புறம்? என்றார்,
கண்ணாடிக்குள்ளிருந்து.