படிவம் நான்கு: பார்க்கக்கூடிய இடங்கள்

கச்சேரியில் தந்த படிவத்தில் ஐந்து நிரல்கள்:
இடம், தூரம், நீர், வசதிகள், குறிப்பு.
நீருக்குக் கீழே இரண்டு பெட்டிகள்,
உவர், நன்னீர்.
ஒன்றில் மட்டும் சரி போடவேண்டும்.

றெக்சனின் ஓட்டோவில் கொக்கிளாயிலிருந்து தொடங்கினோம்.
கழிமுகம் எங்கே என்று கேட்டேன்.
"போன மாரிக்கு அங்க" என்று தெற்கே காட்டினான்,
"இப்ப இங்க. அடுத்த மழைக்குப் பிறகு கேட்டுப் பாருங்கோ."
தூரத்தைப் பென்சிலால் எழுதினேன்.

நாயாற்றில்
பதினேழு கூழைக்கடாக்கள்
அலுவல் முடிந்த கிளாக்குமார்போல் வரிசையாக.
அவை வசதியா, குறிப்பா?

அளம்பிலில் பாயில் நெத்தலி பரப்பிக்கொண்டிருந்த திரேசம்மா
தலை நிமிராமலே கேட்டாள்:
"ஆர் வரப்போகினம்?"
சுற்றுலாக்காரர் என்றேன்.
"வரட்டும். தண்ணியும் கொண்டு வரச்சொல்லும்.
எங்கட கிணறு தைக்கு இனிக்கும், ஆடிக்குக் கரிக்கும்."
இரண்டு பெட்டியிலும் சரி போட்டேன்.

சிலாவத்தைக் கரையில் றெக்சன் வேகம் குறைத்தான்.
வைகாசியில் இங்கேதான் குடத்தில் கடல் மொள்வார்கள்,
வற்றாப்பளை அம்மனுக்கு
அந்த உப்புத் தண்ணியில்தான் விளக்கு.
"எரியுமா?"
"எரியும். நான் பாத்தனான்."
எரிவது என்று
பேனையால் மூன்றாவது பெட்டி கீறினேன்.
ஓட்டோ குலுங்கியதில்
ஒரு பக்கம் கோணிவிட்டது.

வட்டுவாகல் பாலம்.
வலப்பக்கம் கடல், இடப்பக்கம் நந்திக்கடல்,
நடுவில் ஒரு வாகனம் போகும் அகலம்.
எதிர்க்கரையில் லொறி ஒன்று வழிவிட்டு நின்றது.
தண்ணீருக்குள் தடி ஊன்றி யாரோ இறால் வலை கட்டியிருந்தார்கள்.
காலையிலிருந்து வாய் ஓயாத றெக்சன்
கண்ணாடியைப் பார்க்கவில்லை, ஹோர்ன் அடிக்கவில்லை.
"எவ்வளவு நேரம் எடுக்கும்?"
"ஓட்டோவில ரெண்டு நிமிசம்."
"நடந்தால்?"
அந்த வருசம் அவனுக்குப் பதினொரு வயது என்பது
கேட்ட பிறகுதான் எனக்குக் கணக்கில் வந்தது.
லொறிக்காரர் கையசைத்தார்.
அவனும் அசைத்தான்.

கணினியில் மூன்றாவது பெட்டி இல்லையாம்,
சிலாவத்தையை உவர் என்று ஏற்றிவிட்டார்கள்.
கூழைக்கடாக்களுக்கு எங்கும் இடம் கிடைக்கவில்லை.

கூலிச் சிட்டையை றெக்சன் கையால் எழுதித் தந்தான்.
ஊர் ஊராகத் தூரம், கீழே கூட்டுத்தொகை.
பாலம் அதில் இல்லை.
"விட்டிட்டீர்" என்றேன்.
"அதுக்கு நான் காசு எடுக்கிறேல்ல, அக்கா."

கணக்காளர் இரண்டு தரம் கூட்டிப் பார்த்துவிட்டு
அரைக் கிலோமீற்றர் மட்டில் குறைகிறது,
திருத்திக் கொண்டுவரவும் என்று
சிவப்பு மையில் எழுதித்
திருப்பி அனுப்பியிருக்கிறார்.